குற்றவியல் படிக்கும் தமிழ்வழி மாணவர்களுக்கு ஆங்கிலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டக் கல்லூரியிலும் குற்றவியல் துறையிலும் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். ஆங்கிலச் சொற்களை ஒலிப்படி தமிழிலேயே தந்திருக்கிறேன்.

பிளஸ் டூ வரை தமிழ்வழி. இந்தப் படிப்புக்கு எவ்வளவு ஆங்கிலம் வேண்டும்?

மேடையில் பொளந்துகட்டும் ஆங்கிலம் வேண்டாம். தமிழ்நாட்டில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலும் செஷன்ஸ் நீதிமன்றத்திலும் சாட்சி தமிழில்தான் பேசுகிறார், தீர்ப்பும் தமிழில் வரலாம். ஆனால் வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனதும் அரசமைப்பின் 348ஆவது பிரிவு குறுக்கே வருகிறது. உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மொழி ஆங்கிலம். விளாத்திகுளத்தில் ஒரு அம்மா தமிழில் சொன்ன வார்த்தை, மதுரைக் கிளைக்குப் போகும்போது ஆங்கிலத்தில் போகிறது. அந்தப் பயணத்தில் வார்த்தை மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளத் தெரிய வேண்டும். யார், யாரை, எப்போது, எதனால், என்ன செய்தார் என்பதைப் பிசகாமல் எழுதவும், ஒரு சட்டப் பிரிவைத் தப்பில்லாமல் படிக்கவும் தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் போகப் போக வரும்.

எங்கிருந்து தொடங்குவது? இலக்கணப் புத்தகத்திலிருந்தா?

இல்லை. சட்டத்தில் இருக்கும் 'இல்லஸ்ட்ரேஷன்' பகுதிகளிலிருந்து தொடங்குங்கள். மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் தயாரித்த வரைவுதான் பின்னால் 1860இல் இந்திய தண்டனைச் சட்டம் ஆனது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. அந்தக் குட்டிக் குட்டி உதாரணங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன.

திருட்டுப் பிரிவின் முதல் உதாரணத்தைப் பாருங்கள். 'இசட்' என்பவரின் நிலத்தில் நிற்கும் மரத்தை 'ஏ' வெட்டுகிறார். இசட்டின் சம்மதம் இல்லாமல், அவர் வசத்திலிருந்து நேர்மையின்றி அதை எடுத்துக்கொள்ளும் எண்ணம் ஏ-க்கு இருக்கிறது. எடுத்துக்கொள்வதற்காக மரத்தை நிலத்திலிருந்து பிரித்த உடனேயே ஏ திருட்டைச் செய்துவிட்டார். அவ்வளவுதான் உதாரணம். ஆங்கிலத்தில் எல்லாம் நிகழ்கால வினை, எளிய சொற்கள், ஒரு லத்தீன் வார்த்தை கிடையாது. நாம் வகுப்பில் முதல் நாளே மனப்பாடம் செய்கிற 'மென்ஸ் ரியா' (குற்ற மனம்) என்ற லத்தீன் தொடர்கூட அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. 'இன்டென்ஷன்', 'நாலெட்ஜ்', 'டிஸ்ஹானஸ்ட்லி', 'வாலண்டரிலி' என்று சாதாரண ஆங்கிலத்தை வைத்தே எழுதியிருக்கிறார்கள்.

நாளுக்கு ஒரு உதாரணம் எடுங்கள். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் தமிழில் கதையாகச் சொல்லுங்கள். பிறகு அதை ஆங்கிலத்தில் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று மாதம் இப்படிச் செய்த பிள்ளைகளின் எழுத்து மாறியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உதாரணம் புரிகிறது. ஆனால் பிரிவின் வாக்கியம் அரைப் பக்கத்துக்குப் போகிறதே, எப்படிப் படிப்பது?

தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். அந்தப் பழக்கத்தில் ஆங்கில வாக்கியத்திலும் கடைசிவரை காத்திருந்து, கடைசியில் கிடைப்பதைப் பிடித்துக்கொள்கிறோம். அங்கேதான் சறுக்குகிறது. பிரிவு 'ஹூஎவர்' என்று தொடங்கினால், அந்த 'ஹூஎவர்' செய்கிற வேலை எது என்று முதலில் தேடி அதன்கீழ் கோடு போடுங்கள்.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(1)இல், அதாவது திருட்டுக்கான விளக்கத்தில், அந்த வினை 'மூவ்ஸ்'. முன்னால் வருவதெல்லாம் எண்ணம், அசையும் பொருள், வசம், சம்மதமின்மை. நடுவில் நிற்கும் ஒரே செயல் நகர்த்துவது. ஆகவே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதில்லை, விற்க வேண்டியதில்லை. நேர்மையற்ற எண்ணத்தோடு கைப்பையை நகர்த்தியதுமே குற்றம் முடிந்துவிடுகிறது. வினையைக் கண்டுபிடித்தவுடன் சட்டமும் கைக்கு வந்துவிட்டது பாருங்கள். இலக்கணம் வேறு, சட்டம் வேறு என்று தனித்தனியாகப் படிக்க வேண்டியதே இல்லை.

'ஷால்', 'மே', 'ஆர்', 'அண்ட்' இவற்றில் ஏன் இவ்வளவு கவனம் என்கிறீர்கள்?

ஒருவர் எத்தனை நாள் சிறையில் இருப்பார் என்பதை இந்தச் சின்னச் சொற்கள்தான் சொல்கின்றன. சாதாரணத் திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை, 'ஆர்' அபராதம், 'ஆர்' இரண்டும். எனவே அபராதத்தோடும் விடலாம். பழைய 420, இன்றைய 318(4) என்கிற மோசடிக்கு ஏழாண்டு வரை சிறை, 'அண்ட்' அபராதமும். அங்கே சிறையை விட்டுவிட்டு அபராதம் மட்டும் போட வழியில்லை.

'மே எக்ஸ்டெண்ட் டு' என்றால் அது உச்சவரம்பு. 'ஷால் நாட் பி லெஸ் தேன்' என்றால் அதற்குக் கீழே இறங்க முடியாது. 64ஆவது பிரிவில், அதாவது பாலியல் வன்கொடுமைக்கான தண்டனையில், இரண்டும் சேர்ந்தே வருகின்றன: பத்தாண்டுக்குக் குறையக் கூடாது, ஆயுள் வரை போகலாம். 'ஆஃப் ஈதர் டிஸ்கிரிப்ஷன்' என்ற தொடர் எல்லாரையும் குழப்பும். கடுங்காவல், சாதாரணக் காவல் ஆகிய இரண்டில் எதுவானாலும் என்பதுதான் அதன் பொருள்.

'வாக்குமூலம்' என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன?

ஒரே ஆங்கிலச் சொல்லைத் தேடினால் தவறு அங்கேயே ஆரம்பித்துவிடும். நாம் எல்லாவற்றையும் வாக்குமூலம் என்கிறோம். ஆங்கிலத்தில் அது யாரிடம் சொன்னது, எப்போது சொன்னது, எதைச் சொன்னது என்பதைப் பொறுத்துப் பிரிகிறது.

புலன்விசாரணையில் போலீஸ் அதிகாரியிடம் சொன்னால் 'ஸ்டேட்மென்ட்'. இன்றைய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 180ஆவது பிரிவு. பழைய ஆட்கள் இன்னும் பழைய சட்டத்தின் எண்ணை வைத்து 'நூத்தி அறுபத்தொண்ணு' என்றுதான் சொல்வார்கள். இதில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. எனவே 'சைன்ட் ஸ்டேட்மென்ட்' என்று பழக்கதோஷத்தில் எழுதிவிடாதீர்கள். தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டால் 'கன்ஃபெஷன்'. மாஜிஸ்திரேட் முன்பு 183ஆவது பிரிவின்கீழ் பதிவானால் அதற்கு மதிப்பு உண்டு. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைச் சொன்னவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 23ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. அதே பிரிவில், அந்தத் தகவலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் விலக்கு. கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து சொல்வது 'டெபொசிஷன்'. இறந்துபோனவர் தன் சாவின் காரணம் பற்றிச் சொல்லிவிட்டுப் போனது 'டையிங் டிக்ளரேஷன்', நம் மரண வாக்குமூலம்.

'போலீசில் பரபரப்பு வாக்குமூலம்' என்று தமிழ்ச் செய்தியில் வந்ததை ஒரு மாணவர் 'கன்ஃபெஸ்ட்' என்று மொழிபெயர்த்து வந்தார். செய்தியை முழுதாகப் படித்தால், அந்த ஆள் தான் அங்கே இருந்ததாக மட்டுமே சொல்லியிருக்கிறார். அங்கே இருந்தவரைக் கொலையை ஒப்புக்கொண்டவராக ஆக்கிவிட்டது அந்த ஒரு வினைச்சொல். அன்று முழுக்க அதை வைத்தே வகுப்பு நடத்தினேன்.

இதுபோல ஒரே தமிழ்ச் சொல், பல ஆங்கிலச் சொற்கள் என்று வேறு உண்டா?

நிறைய. அன்றாடம் கால் இடறுகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

விசாரணை: போலீஸ் செய்தால் 'இன்வெஸ்டிகேஷன்'. மாஜிஸ்திரேட்டோ நீதிமன்றமோ செய்தால், அது வழக்கு விசாரணையாக இல்லாதவரை, 'இன்கொயரி'. குற்றச்சாட்டு வனைந்த பிறகு நடப்பது 'ட்ரையல்'.

விடுதலை: வழக்கை நடத்தவே முகாந்திரம் இல்லை என்று தொடக்கத்திலேயே விட்டால் 'டிஸ்சார்ஜ்'. விசாரணை முடிந்து குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றால் 'அக்விட்டல்'. ஜாமீனில் வெளியே வந்தது இரண்டும் அல்ல.

புகார்: ஸ்டேஷனில் கொடுப்பதை ஊரே 'கம்ப்ளெயிண்ட்' என்கிறது. சட்டப்படி 'கம்ப்ளெயிண்ட்' என்பது மாஜிஸ்திரேட்டிடம் கொடுப்பது. ஸ்டேஷனில் கொடுப்பது 'இன்ஃபர்மேஷன்'. எஃப்.ஐ.ஆர்., அதாவது 'ஃபர்ஸ்ட் இன்ஃபர்மேஷன் ரிப்போர்ட்' என்ற பெயரிலேயே அது ஒளிந்திருக்கிறது.

குற்றவாளி: தீர்ப்பு வரும் வரை 'அக்யூஸ்ட்', தண்டனைத் தீர்ப்புக்குப் பிறகுதான் 'கன்விக்ட்'. நம் நீதிமன்றத் தமிழில் 'அக்யூஸ்ட்' என்பதற்கு 'எதிரி' என்று எழுதுகிறார்கள். அந்த எதிரியை அகராதி பார்த்து 'எனிமி' என்று பெயர்த்தவர்களும் உண்டு.

கொள்ளைக்கு 'ராபரி'யா, 'டக்காயிட்டி'யா?

ஆள் எண்ணிக்கையைப் பாருங்கள். திருட்டிலோ மிரட்டிப் பறிப்பதிலோ வன்முறையோ உடனடி அச்சுறுத்தலோ கலந்தால் 'ராபரி'. அதையே ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் 'டக்காயிட்டி'. 'பர்க்ளரி' என்ற சொல் நம் தண்டனைச் சட்டத்தில் இல்லை. இங்கே 'ஹவுஸ்பிரேக்கிங்' என்று எழுதுங்கள்.

சாட்சி தமிழில் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதும்போது பெரிய ஆபத்து எது?

'ஹி', 'ஹிஸ்', 'ஹிம்'. என் மாணவர்கள் செய்கிற எல்லாப் பிழைகளிலும் இதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். ஒரு சாட்சி இப்படிச் சொல்கிறார் என்று வையுங்கள்:

'முருகன் செல்வத்திடம், தன் அரிவாளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனதாகச் சொன்னான்.'

தமிழில் 'தன்' என்று வந்துவிட்டதால் அரிவாள் முருகனுடையது. வீடு அவனுடையது அல்ல. இதை ஆங்கிலத்தில் போட்டால் ஹி, ஹிஸ், ஹிஸ் என்று மூன்று வந்து நிற்கும். அரிவாள் யாருடையது? வீடு யாருடையது? நாளைக்கு அந்த அரிவாள்தான் சான்றுப்பொருள் ஒன்று. தமிழ் கொடுத்த தெளிவை நாமே கையால் அழித்துவிட்டோம்.

வழி இதுதான்: சந்தேகம் வரும் இடத்திலெல்லாம் பெயரையே திரும்ப எழுதுங்கள். நீதிமன்ற ஆவணமானால் 'அக்யூஸ்ட்' என்பவரை ஏ-1, ஏ-2 என்றும், அரசுத் தரப்புச் சாட்சியை பி.டபிள்யூ.-1 என்றும் எண்ணோடு எழுதுங்கள். அந்தச் சாட்சியைத் தமிழில் அ.சா.1 என்பார்கள். ஒரே பத்தியில் ஐந்து முறை 'ஏ-1' வந்தாலும் வரட்டும். 'தன்' என்ற சொல் தமிழ் வாக்குமூலத்தில் வந்தால் அதை வட்டமிட்டு வைத்துக்கொண்டு மொழிபெயர்க்கச் சொல்கிறேன்.

நல்ல அறிக்கை எழுத ஏதாவது விதி உண்டா?

பவணந்தியார் நன்னூலில் சொன்ன பத்துக் குற்றங்களைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அதை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு குறுக்கு விசாரணையை உட்கார்ந்து கேளுங்கள். குன்றக் கூறல்: போலீசிடம் சொல்லாததைக் கூண்டில் சொன்னால் எதிர்தரப்பு வக்கீல் 'ஒமிஷன்' என்று குறித்துக்கொள்வார். மாறுகொளக் கூறல்: முன்பு சொன்னதற்கு நேர்மாறாகச் சொன்னால் 'கான்ட்ரடிக்ஷன்'. மிகைபடக் கூறல்: தீர்ப்புகளில் 'எம்பெலிஷ்மென்ட்', 'எக்ஸாஜரேஷன்' என்று வரும். மயங்க வைத்தல்: மேலே பார்த்த ஹி, ஹிஸ் பிரச்சினை. தமிழில் ஏற்கெனவே பழகிய கண்ணை ஆங்கிலப் பக்கத்தின்மேல் திருப்பினால் போதும்.

ஒன்றை மட்டும் நான் மாற்றிக்கொண்டேன். கூறியது கூறல் என்பது, பெயர்களைப் பொறுத்தவரை, அறிக்கையில் குற்றமல்ல.

செயப்பாட்டு வினை எழுதலாமா?

செய்தவர் தெரியாதபோது எழுதலாம். தெரிந்தால் அவரை எழுவாயாக வையுங்கள். 'அவர் தாக்கப்பட்டார்' என்று எழுதினால் தாக்கியவர் வாக்கியத்திலிருந்து தப்பித்துவிடுகிறார்.

அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். ஏ.ஆர். காப்பி என்பார்கள். அடிபட்டவர் வந்தவுடன் மருத்துவர் எழுதுவது ஏறக்குறைய எப்போதும் ஒரே வடிவம்: 'அலெஜ்ட் டு ஹேவ் பீன் அஸால்டட் பை த்ரீ நோன் பெர்சன்ஸ் வித் ஸ்டிக்'. நேரம், இடம் பக்கத்தில் இருக்கும். 'அலெஜ்ட்' என்றால் பொய் என்று அர்த்தமில்லை. சொன்னவர் அப்படிச் சொன்னார், மருத்துவர் தன் கண்ணால் பார்க்கவில்லை, அவ்வளவே. 'நோன்' என்றால் தெரிந்த ஆட்கள். இப்போது எஃப்.ஐ.ஆரில் ஐந்து பேர் பெயர் இருந்தால், ஏ.ஆர். காப்பியில் இருக்கும் 'த்ரீ' என்ற ஒரு சொல்லை வைத்து எதிர்தரப்பு மருத்துவரையே பத்து நிமிடம் கேள்வி கேட்கும். 'நோன்' இருக்க வேண்டிய இடத்தில் 'அன்நோன்' விழுந்துவிட்டால் பிறகு சொல்லவே வேண்டாம்.

காலங்களில் எது முக்கியம்?

'ஹாட்'. நான் போனபோது இறந்தார், நான் போனபோது இறந்திருந்தார். முன்னதைச் சொன்னவர் கண்ணால் கண்ட சாட்சி, பின்னதைச் சொன்னவர் நடந்து முடிந்தபின் வந்தவர். ஆங்கிலத்தில் 'டைட்', 'ஹாட் டைட்'. சாட்சி 'இருந்தது', 'இருந்தார்' என்று முடிக்கும்போதெல்லாம் 'ஹாட்' தேவையா என்று நின்று யோசியுங்கள்.

'எ', 'த' விஷயமும் ஒரு வரியில்: முதல் முறை வரும் ஆள் 'எ மேன்', மறுபடி அதே ஆள் வந்தால் 'த மேன்'. இரண்டாம் முறையும் 'எ மேன்' என்று எழுதினால் படிப்பவர் இரண்டு ஆட்கள் என்று நினைப்பார்.

எழுத்துப் பிழைகளில் எவை மானத்தை வாங்கும்?

'டிசீஸ்ட்' என்ற சொல் டி-ஈ-சி என்று தொடங்கினால் இறந்தவர், டி-ஐ-எஸ் என்று தொடங்கினால் நோயாளி. பிரேத விசாரணை அறிக்கையில் இதை மாற்றி எழுதியதைப் பார்த்திருக்கிறேன். 'ப்ராசிக்யூட்' வழக்குத் தொடர்வது, 'பெர்சிக்யூட்' கொடுமைப்படுத்துவது. 'எவிடென்ஸ்' என்பதற்குப் பன்மை வேண்டாம், எவ்வளவு இருந்தாலும் 'எவிடென்ஸ்'தான். சட்டையைத் தொங்கவிட்டால் 'ஹங்', தூக்குத் தண்டனைக்கு 'ஹேங்ட்'. ஒருமையே 'சம்மன்ஸ்'. அதிலிருக்கும் 'ஸ்' பன்மை விகுதி அல்ல.

லத்தீன் சொற்களை எவ்வளவு கற்க வேண்டும்?

பத்துப் பதினைந்து போதும். 'அலிபை' என்றால் வேறிடம். சம்பவ நேரத்தில் நான் வேறிடத்தில் இருந்தேன் என்ற வாதம். சாக்குப்போக்கு என்று பொருளல்ல. 'இன் கேமரா' என்றதும் வீடியோ பதிவு என்று நினைக்கிறார்கள். கேமரா என்றால் லத்தீனில் அறை. பொதுமக்களை வெளியே அனுப்பிவிட்டு நடத்தும் விசாரணை அது.

செய்தித்தாள் ஆங்கிலத்தைப் படித்துப் பழகலாமா?

படிக்கலாம், ஆனால் சொற்களை அப்படியே எடுக்காதீர்கள். 'மிஸ்கிரியன்ட்ஸ்', 'நாப்ட்' போன்றவை அறிக்கைக்கு ஆகாது. 'ஈவ் டீசிங்' என்ற தொடரை நான் வகுப்பில் அனுமதிப்பதே இல்லை. ஒரு பெண் பேருந்து நிறுத்தத்தில் படுகிற வேதனையைக் கேலி, கிண்டல் என்று சிறிதாக்கிக் காட்டும் சொல் அது. தமிழ்நாட்டுச் சட்டமே 1998இல் அந்தப் பெயரோடுதான் வந்தது. பிறகு பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் என்று பெயரைத் திருத்தி 'ஹராஸ்மென்ட்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார்கள். சட்டமே திருத்திக்கொண்ட சொல்லை நாம் ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்?

தேர்வில் பிரச்சினைக் கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுவது எப்படி?

நான்கு பத்தி: எழும் கேள்வி, அதற்கான சட்டம், அந்தச் சட்டம் இந்தச் சம்பவத்துக்குப் பொருந்தும் விதம், முடிவு. மதிப்பெண் மூன்றாவது பத்தியில்தான் இருக்கிறது. நம் பிள்ளைகள் இரண்டாவதை இரண்டு பக்கம் எழுதிவிட்டு மூன்றாவதை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

கொலையா, கொலையாகாத மரணமா என்ற கேள்வி வந்தால் சட்டத்தின் சொல்லையே கையில் எடுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 100ஆவது பிரிவு, மரணம் விளைவிக்க 'லைக்லி' ஆன காயம் என்கிறது. 101ஆவது பிரிவு, இயல்பான போக்கில் மரணம் விளைவிக்க 'சஃபிஷியன்ட்' ஆன காயம் என்கிறது. முன்னது நேரக்கூடியது, பின்னது அதற்குப் போதுமானது. உச்ச நீதிமன்றம் 1958இல் விர்சா சிங் வழக்கில் பழைய தண்டனைச் சட்டத்தில் கொலைக்கான 300ஆவது பிரிவின் மூன்றாம் கூறைத்தான் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தது: காயம் இருக்கிறதா, அது எத்தகையது, அந்தக் காயத்தை ஏற்படுத்தத்தான் எண்ணினாரா, அது மரணத்துக்குப் போதுமானதா. வயிற்றில் பாய்ந்த ஒரே ஒரு ஈட்டிக் குத்து பற்றிய வழக்கு. அந்தத் தீர்ப்பை ஆங்கிலத்திலேயே ஒரு முறை படித்துவிடுங்கள். சிறியது, தெளிவானது.

மொழிபெயர்ப்புச் செயலியைப் பயன்படுத்தலாமா?

ஒரு சொல்லின் பொருள் தேட, சரி. பிரிவு முழுவதையும் கொடுத்தால் 'சார்ஜ்' கட்டணமாகவும், 'சென்டென்ஸ்' வாக்கியமாகவும் வந்து நிற்கக்கூடும். அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 முதல் சில தீர்ப்புகளைத் தமிழிலும் வெளியிடுகிறது. ஒரே தீர்ப்பின் ஆங்கிலத்தையும் தமிழையும் அருகருகே வைத்துப் பத்தி பத்தியாகப் படியுங்கள். தமிழ் வாசகம் இடறுகிற இடத்தைக் கண்டுபிடித்துத் திருத்துவதே அருமையான பயிற்சி. சட்ட நோக்கத்துக்கு ஆங்கில மூலமே செல்லும் என்பதை மறக்க வேண்டாம்.

நீதிமன்றத்தில் ஆங்கிலம் பேசத் தயக்கமாக இருக்கிறது. 'மை லார்ட்' என்று சொல்லித்தான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. இந்திய பார் கவுன்சில் 2006இலேயே விதி கொண்டுவந்துவிட்டது. உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் 'யுவர் ஆனர்' அல்லது 'ஆனரபிள் கோர்ட்'. கீழமை நீதிமன்றங்களில் 'சர்', அல்லது அந்தந்த மொழியில் அதற்கு நிகரான சொல். முதல் நாள் கருப்புக் கோட்டு போட்டுக்கொண்டு போய் நின்று நாக்கு ஒட்டிக்கொண்டால், 'ஐயா' என்றே ஆரம்பியுங்கள்.